வேலை அறிவிப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

அருப்புக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். பிளஸ் டூ முடிவு வந்ததும் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வருகிற பிள்ளைகளில் பலர், நான்கைந்து ஆண்டுகள் கழித்து குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்க அதே பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். கையில் பி.இ. பட்டம், எழுதப்போவது பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு. இரண்டு விண்ணப்பங்களையும் தட்டச்சு செய்து தருகிறவள் என்பதால், எனக்கென்று ஒரு வழிமுறை உருவாகியிருக்கிறது.

"எந்த கோர்ஸ் படித்தால் வேலை கிடைக்கும், அக்கா?" என்று கேட்டால் நான் பெயர் சொல்வதில்லை. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் அதன் கதவு மூடப்பட்டது. அதை நம்பி எலக்ட்ரானிக்ஸில் சேர்ந்து அப்போது மூன்றாம் ஆண்டில் இருந்தவன் என்ன செய்திருப்பான்? இன்று அதே வட்டாரத்தில் ஐபோன் தயாரிக்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சந்தை எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்கிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். ஏதாவது ஒரு கல்லூரியின் சேர்க்கைக் கமிஷன் அவருக்குப் போகக்கூடும்.

நான் சொல்வது இதுதான்: படிப்பிலிருந்து வேலைக்குப் போகாதீர்கள். வேலை அறிவிப்பை முதலில் எடுத்துப் படித்துவிட்டு, அங்கிருந்து படிப்புக்கு வாருங்கள்.

அரசு வேலைதான் வேண்டும் என்கிற வீடுகள் எங்கள் பக்கம் அதிகம். அவர்கள் டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு வாரியம், ரயில்வே ஆகியவற்றின் பழைய அறிவிப்புகளைத் தரவிறக்கி, 'கல்வித் தகுதி' என்ற பத்தியை மட்டும் படித்தால் போதும். குரூப் 2, வங்கி அதிகாரி, மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வு போன்றவற்றில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் இருந்தாலே போதும். அதற்கு அரசுக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் வரலாறோ தமிழோ படித்துக்கொண்டே தேர்வுக்குத் தயாராகலாம். லட்சக்கணக்கில் கட்டி பொறியியல் படிக்கத் தேவையில்லை. பள்ளியிலிருந்து பட்டம்வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் ஆங்கில வழிக்கு மாறினால், பட்டத் தகுதி கேட்கும் பதவிகளுக்கு அது போய்விடும் என்பதைச் சேரும் நாளில் யாரும் சொல்வதில்லை. உதவிப் பொறியாளர் பணிக்கோ சிவில், ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) என்று பிராஞ்ச் பெயரையே குறிப்பிட்டுக் கேட்பார்கள். ரயில்வேயின் உதவி லோகோ பைலட் வேலைக்கு ஐ.டி.ஐ. போதும். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், ஆட்டோமொபைல் டிப்ளமாவும் செல்லும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. கொஞ்சம் நின்று பாருங்கள். சில கல்லூரிகள் பழைய பாடங்களுக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டன. கணிதத்தோடு கணினியைச் சேர்த்து ஒன்று, வேதியியலுக்கு முன்னால் ஓர் அடைமொழி போட்டு இன்னொன்று. விளம்பரத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்பில் 'கணிதம்' என்றுதான் இருக்கும். உங்கள் பட்டம் அதற்கு இணையானது என்று உயர்கல்வித் துறை அரசாணை வெளியிட்டிருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால், தேர்வில் மதிப்பெண் வாங்கியும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிடுவீர்கள். புதுப் பெயர் கொண்ட படிப்பு என்றால், அந்தச் சமநிலை அரசாணையின் எண்ணைக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். எண்ணைச் சொல்ல முடியாமல் மழுப்பினால் பழைய பெயருள்ள பாடத்திலேயே சேருங்கள்.

தனியார் வேலைக்கு வேறு கணக்கு. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் வளாகத் தேர்வில் பிராஞ்சைவிட மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்க்கின்றன. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என எல்லாவற்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இல்லை என்பது பழகிப்போன நிபந்தனை. ஆகவே கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்காகத் தேர்ச்சி விகிதம் படுத்துக்கிடக்கும் கல்லூரிக்குப் போவதைவிட, நல்ல கல்லூரியில் ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) அல்லது ட்ரிபிள் ஈ எடுப்பது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் பொறியியல் கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் ஒரு வரிகூட நிரப்ப வேண்டாம்.

'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' என்ற பேனரை எப்படிப் படிப்பது? ஒரே மாணவி நான்கு ஆஃபர் வாங்கினால் நான்காக எண்ணுவார்கள். அரியர் வைத்திருப்பவர்களைத் 'தகுதியற்றோர்' என்று கணக்கிலிருந்தே கழித்துவிடுவார்கள். பேனரை விட்டுவிட்டு, மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்காகக் கல்லூரி அனுப்பிய தரவுத்தாளைத் தேடுங்கள். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் அதைத் தங்கள் இணையதளத்திலும் போட்டிருக்கும். முதலாண்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், உரிய காலத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர், வேலை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று வரிசையாக இருக்கும். சேர்ந்தவர்களின் எண்ணிக்கையையும் வேலை பெற்றவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதிலேயே இடைநிலைச் சம்பளமும் இருக்கும்: வேலை பெற்றவர்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே வாங்குகிறார்கள் என்று பொருள். அந்தத் தாளில் பிராஞ்ச் வாரியாக விவரம் இருக்காது. அதற்கு அதே பிராஞ்சில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் முடித்த, உங்கள் ஊர்ப் பிள்ளைகளைத்தான் பிடிக்க வேண்டும். கல்லூரி அறிமுகப்படுத்தும் சீனியரிடம் கேட்காதீர்கள். நீங்களாகத் தேடிக் கண்டுபிடித்தவரிடம் கேளுங்கள். "ஆண்டுக்கு எத்தனை லட்சம்" என்றும் கேட்க வேண்டாம், "மாதம் கையில் எவ்வளவு வருகிறது" என்று கேளுங்கள்.

மெக்கானிக்கல், சிவில் செத்துவிட்டது என்பது வீண்பேச்சு. ஓசூர், ஒரகடம், கோயம்புத்தூரில் கோர் வேலை, அதாவது படித்த துறையிலேயே வேலை, இருக்கிறது. ஆனால் உற்பத்திப் பிரிவுக்குப் பல நிறுவனங்கள் முதலில் தேடுவது டிப்ளமா படித்தவரை. தொடக்கச் சம்பளம் குறைவு, ஷிஃப்டும் உண்டு. இதற்கு மனம் ஒப்பினால் பத்தாம் வகுப்புக்குப் பிறகே டிப்ளமா படித்து, தேவைப்பட்டால் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

நர்சிங், ரேடியாலஜி, பிசியோதெரபி பக்கம் போகிறவர்கள் பல்கலைக்கழக இணைப்பையும் உரிய கவுன்சிலின் அங்கீகாரத்தையும் பாருங்கள். மாடிப்படி ஏறிப் போய்ச் சேரும் 'பாராமெடிக்கல்' டிப்ளமாக்கள் பலவற்றுக்கு அரசு அறிவிப்பில் இடமே கிடையாது. பி.எஸ்சி. நர்சிங் பட்டத்துக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எய்ம்ஸ் தேர்வு, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று பல வாசல்கள் உண்டு.

கடைசியில் பணம். 4 லட்சம் ரூபாய் கல்விக் கடனுக்கு 10 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 5,300 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டி தனி. கைக்கு 15,000 வரும் என்று சீனியர் சொல்லியிருந்தால், அறை வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் என்ன என்று பெற்றோரும் பிள்ளையும் ஒரே தாளில் கணக்குப் போடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. முதல் பட்டதாரி சான்றிதழை முன்கூட்டியே இ-சேவையில் வாங்கி வையுங்கள்.

பொறியியல் கலந்தாய்வில் ஒரு எச்சரிக்கை. ஒதுக்கிய இடத்தை ஏற்றுக்கொண்டு, மேலே காலி வந்தால் மாறத் தயார் என்றும் கொடுத்தால், பட்டியலில் அதற்கு மேலே நீங்கள் எழுதிய எந்த இடத்துக்கும் உங்களை நகர்த்தலாம்; நகர்த்திய பிறகு பழைய இடம் திரும்பக் கிடைக்காது. ஆகவே, கிடைத்தால் உண்மையிலேயே போய்ச் சேர்வேன் என்று நினைக்காத எதையும் மேல் வரிசையில் வைக்காதீர்கள். பட்டியலை ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் எல்லோருமாக ஓர் இரவு பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் வாருங்கள். கடையை ஒன்பது மணிக்குத் திறப்பேன்.