புளியங்கொட்டையில் தொடங்கும் கணக்கு

மூன்று வயதுக் குழந்தை பத்து வரை மளமளவென்று ஒப்பிக்கும். அதே குழந்தையிடம் நான்கு ஸ்பூன் கொண்டுவரச் சொன்னால் கைநிறைய அள்ளி வரும். எண்களின் பெயர் தெரிந்துவிட்டது, அளவு இன்னும் பிடிபடவில்லை. அதற்கு ஒரு பிடி புளியங்கொட்டையும் இட்லித் தட்டும் போதும்.

கொட்டைகளைக் கழுவிக் காயவையுங்கள். எதையும் வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும் குழந்தை என்றால் கொட்டையே வேண்டாம், எலுமிச்சம்பழம் கொடுங்கள். விளையாடி முடியும்வரை பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

படி 1: குழிக்கு ஒன்று

நான்கு குழித் தட்டில் குழிக்கு ஒரு கொட்டையாகப் போடச் சொல்லுங்கள். போடும்போதே “ஒன்று, இரண்டு” என்று சொல்லட்டும். வாய் முந்தினால் நீங்கள் நிதானமாகச் சொல்லுங்கள். கை வந்து சேர்ந்துகொள்ளும்.

படி 2: மொத்தம் எத்தனை?

“நான்கு” என்று எண்ணி முடித்த குழந்தை, “மொத்தம் எத்தனை?” என்றதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். தயவுசெய்து அதட்டாதீர்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பெரிய கண்டுபிடிப்பு. அது வர வாரங்கள் ஆகலாம். “ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஆக, நான்கு!” என்று தட்டை வட்டமாகக் காட்டிச் சொல்லிவாருங்கள்.

படி 3: பல்லாங்குழி

இந்த விளையாட்டின் அருமை இங்கேதான் தெரியும். பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் வரிசைக்கு 7 வீதம் 14 வட்டம் போடுங்கள். பெரியவர்கள் குழிக்கு 5 வைத்து 70 காய்களுடன் ஆடுவார்கள். குழந்தைக்கு 2 வீதம் 28 போதும்.

ஒரு குழியில் இருப்பதை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அது வெறுங்குழியானால் அதைத் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அத்துடன் ஆட்டம் கைமாறும். சுழியம் என்பதைக் குழந்தை விரலால் தொட்டுப் பார்ப்பது அந்த வெறுங்குழியில்தான்.

சில நாள் பழகியபின் ‘பசு’வைச் சேருங்கள். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு; குழி யார் பக்கத்து வரிசையில் இருக்கிறதோ அவர் எடுத்துக்கொள்வார். அப்புறம் பாருங்கள், மூன்று காய் உள்ள குழியைக் குழந்தையின் கண் தேடும். “இன்னும் ஒன்று விழுந்தால் பசு!” என்று கத்தும். கூட்டலை நீங்கள் சொல்லித்தர வேண்டியிருக்காது.

படி 4: யாருக்கு அதிகம்?

இருவரின் காய்களையும் எதிரெதிரே, ஒன்றுக்கு ஒன்று ஜோடியாக அடுக்குங்கள். இடைவெளி விட்டு நீட்டி வைத்த வரிசையில்தான் காய் அதிகம் என்று சிறு குழந்தைகள் நம்புவதை சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே காட்டியிருக்கிறார். ஆகவே இடைவெளி சமமாக இருக்கட்டும். ஜோடி இல்லாமல் நிற்கும் காய்களை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். அத்தனை காய்தான் ஜெயித்தவருக்குக் கூடுதல்.