வெள்ளம் வடிந்ததும் மோட்டரைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடாதீர்கள்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி, மாவிலாற்றுக் கட்டும் உடைந்தபோது திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், வெருகல் பக்கக் கிராமங்கள் வெள்ளத்துக்குள் போயின. தண்ணீர் வடிந்ததும் எல்லாருக்கும் வரும் முதல் யோசனை கிணற்றை இறைப்பதுதான். உதவிக்கு வரும் பெடியன்களும் பம்போடுதான் வருவார்கள். நல்ல மனதோடு செய்யும் அந்த வேலையாலேயே கிணறுகள் பழுதாவதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், கிணற்றுக்குள் போனது ஆற்று வெள்ளமா, கடல் தண்ணீரா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் இல்லை.

நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும். அந்த ஓரடியை இறைத்து விட்டால் உப்பு மேலே ஏறும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் திரும்பத் திரும்ப இறைத்தும் பல கிணறுகளில் உவர் போகவில்லை. அதைக் கழுவி இறக்கியது பின்னால் வந்த மாரி மழைதான். ஆகவே சேற்றையும் குப்பையையும் எடுக்க ஒரே ஒரு தடவை, மெதுவாக இறையுங்கள். அதோடு விட்டுவிடுங்கள். குடிக்கப் பவுசரில், அதாவது தாங்கி லொறியில், வரும் தண்ணீர் போதும்.

ஒரு வளவில் விடியற்காலை தொட்டு மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் மறுமுனை கிணற்றிலிருந்து ஐந்தாறு எட்டுத் தூரத்தில் கிடந்தது. இறைத்த தண்ணீர் மணலில் சுவறித் திரும்பக் கிணற்றுக்கே வந்துகொண்டிருந்தது. வீட்டு அம்மம்மா ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். "இன்னும் கரிக்குது தம்பி." மத்தியானம் வரை எரித்த எண்ணெய் வீண்.

கரையை விட்டு உள்ளே, களிமண் பக்கம், உப்புப் பயம் இல்லை. ஆனால் சுற்றியுள்ள மண் ஊறிப் பாரமாக நிற்கும். கிணற்றை ஒரேயடியாக வெறுமையாக்கினால் உள்ளிருந்து தாங்கத் தண்ணீர் இராது, வளையம் சரியும். நாளுக்குக் கொஞ்சமாக இறையுங்கள். எண்ணெய் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கவே வேண்டாம். அதன் புகை அடியில் தங்கி, இறங்கியவரை மயக்கிக் கொன்றுவிடும். அவரைத் தூக்க இறங்குபவருக்கும் அதே கதிதான்.

அடுத்தது குளோரின். கலங்கல் தண்ணீரில் கைப்பிடிக் கணக்கில் அள்ளிப் போடுகிறார்கள். சேறு இருந்தால் குளோரின் சேற்றோடேயே செலவாகிவிடும். தெளிந்த பிறகு அளவு பார்த்துப் போடுங்கள். விட்டம் இரண்டு மீற்றர், தண்ணீர் ஒன்றரை மீற்றர் என்றால் கிணற்றில் சுமார் 4,700 லீற்றர் இருக்கும். 30 வீதக் குளோரின் தூள் 300 கிராம் அளவு அதற்குப் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடையவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். இரவு முழுக்க விடுங்கள். மருந்து வாசம் குறையும்வரை குடிக்கக் கூடாது. வாய் திறந்து ஈரம் பட்ட தூளில் வீரியம் இராது, அதை நம்பாதீர்கள். குடிக்கும் தண்ணீரில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொன்னால் அளந்து பார்ப்பார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது.

பவுசரை நிறுத்தும் அவசரமும் ஒரு தவறு. தண்ணீர் கண்ணுக்குத் தெளிந்ததும் "இனித் தேவையில்லை" என்று சொல்லிவிடுகிறோம். பிறகு ஒரு மழைக்கு மலசலகூடக் குழி நிரம்பி, கிணறு திரும்பக் கெட்டுப்போகிறது. குழி முப்பது மீற்றருக்குள் இருக்கும் வீடுகளுக்கு இந்தப் பயம் கூடுதல். பவுசர் நிரப்பும் ரோட்டோரத் தாங்கியின் மூடி இறுக்கமா, குழாய்க்குக் கீழே சேறு கட்டுகிறதா என்று தினமும் பாருங்கள்.

கடைசியாக மருந்து போட்ட தேதியைக் கிணற்றுக் கட்டிலேயே பெயின்ற்றால் எழுதி விடுங்கள். அடுத்து வரும் பரிசோதகர் முதலில் கேட்பது அதைத்தான்.