அமெரிக்காவில் உங்கள் ஆங்கிலம் "புரியவில்லை" என்று சொன்னால்

சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் இவற்றையெல்லாம் எப்படியும் வாங்கிவிடுவீர்கள். வழிகாட்ட ஆளுக்கா பஞ்சம்? ஆனால் என் தோழி மாட்டிக்கொண்ட இடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஊரில் பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் பாடம் நடத்தியவள் அவள். அமெரிக்காவில் வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் மேலாளர் அவளை அழைத்து, "வாடிக்கையாளர்களுக்கு உங்கள் உச்சரிப்பு புரியவில்லையாம்" என்று தேனொழுகச் சொல்லி, தொலைபேசிப் பணியிலிருந்து எடுத்துவிட்டார். எந்த வாடிக்கையாளர், எந்த அழைப்பு என்று கேட்டாள். பதிலே இல்லை. மனிதவளத் துறை "விசாரிக்கிறோம்" என்றது. மேலிடத்தைப் பகைப்பானேன் என்று இவளும் பொறுத்திருந்தாள்.

அந்தப் பொறுமைதான் பொறி. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டப்படி, உச்சரிப்பு வேலையை உண்மையிலேயே கணிசமாகப் பாதித்தால்தான் நிறுவனம் அதைக் காரணம் காட்டலாம். கூட்டாட்சி அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் (EEOC) புகார் கொடுக்க 180 நாள்தான் கெடு. மாநிலத்துக்கென இத்தகைய சட்டமும் அமைப்பும் இருந்தால் 300. அலுவலகத்துக்குள் விசாரணை நடக்கிறது என்பதற்காக இந்தக் கெடு பொதுவாக நீளாது. அவள் விசாரணை முடிவுக்காகக் காத்திருந்தாள், கெடு கடந்துவிட்டது.

ஆகவே, அப்படி ஒரு பேச்சு வந்தால் அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று நீங்கள் என்னிடம் சொன்னது இது. எந்த அழைப்பில் சிக்கல் என்று தெரிவியுங்கள்." விருப்பத்தின் பேரில் மாறுவதாக எதிலும் கையெழுத்திடாதீர்கள். விசாவில் இருப்பவருக்குச் சட்டம் துணை வராது என்று பயமுறுத்துவார்கள், வரும். நிறுவனத்தில் 15 பேருக்குக் குறைவாக இருந்தால் (குறைந்தது நான்கு பேராவது வேண்டும்) நீதித் துறையின் குடியேறியோர் மற்றும் பணியாளர் உரிமைப் பிரிவுக்குப் போக வேண்டும்; ஆனால் வேலைக்கு எடுக்காதது, வேலையை விட்டு நீக்கியது போன்ற புகார்களைத்தான் அது ஏற்கும்.

வழக்கு போட்டால் வெற்றி நிச்சயம் என்றும் எண்ண வேண்டாம். ஹொனலூலுவில் அரசு எழுத்தர் பணிக்கான எழுத்துத் தேர்வில் முதலிடம் பெற்ற பிலிப்பைன்ஸ்காரர் மானுவல் ஃப்ரகான்டேவை உச்சரிப்பைச் சொல்லி ஒதுக்கினார்கள். பொதுமக்களிடம் பேசும் வேலை என்பதால் 1989-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. எனவே உங்கள் வேலையில் பேச்சுக்கு எவ்வளவு பங்கு என்பதை முதலில் கணக்குப் பாருங்கள்.

உச்சரிப்பைத் திருத்தும் வகுப்புக்குப் போகச் சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. டொனால்ட் ரூபின் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் கேட்டது ஒரே அமெரிக்கப் பெண்ணின் குரல்தான். பேசுபவர் என்று ஆசிய முகத்தின் படத்தைக் காட்டியபோது, வெள்ளையர் முகத்தைக் காட்டியபோதைவிடப் பாடம் அவர்களுக்குக் குறைவாகவே புரிந்தது. முகத்தைத் திருத்த எந்த வகுப்பில் சேர்வதாம்?