ஜஞ்சிராவைப் பார்ப்பது எப்படி: முதலில் தண்ணீர், கடைசியில் பீரங்கி

மும்பைத் தமிழர் வீடுகளுக்கு ஊரிலிருந்து ஆட்கள் வந்தால் எலிஃபண்டா, ஹாஜி அலி, சித்திவிநாயகர் என்று வழக்கமான ஒரு சுற்று உண்டு. எங்கள் வீட்டுக்கு வருபவர்களை நான் முருட் பக்கம் கடலுக்கு நடுவே நிற்கும் ஜஞ்சிராக் கோட்டைக்கும் கூட்டிப்போவேன். வேலையில் இருந்த காலமெல்லாம் கிணறும் நீர்த்தொட்டியும் அளந்தவள் நான். அதனால் அந்தக் கோட்டையைச் சுற்றிக்காட்டுவதற்கு எனக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. படகிலிருந்து இறங்கியதும் எல்லாரும் பீரங்கியைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் அப்படி ஓட வேண்டாம். முந்நூறு வருஷத்துக்கு மேல் இந்தக் கோட்டையை யாராலும் சண்டையிட்டுப் பிடிக்க முடியாமல் போனதற்குக் காரணம் அங்கே தண்ணீரில் இருக்கிறது. வெளியே உப்புத் தண்ணீர், உள்ளே நல்ல தண்ணீர்.

போகும் வழி எளிது. இந்தியாவின் நுழைவாயிலிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகு, அங்கிருந்து அலிபாக், அலிபாக்கிலிருந்து எஸ்.டி. என்கிற அரசுப் பேருந்தில் முருட். சாலை வழியாகவே போனால் மும்பையிலிருந்து சுமார் 165 கிலோமீட்டர். முருடைத் தாண்டி ராஜபுரி என்ற மீனவர் ஊருக்குப் போனால் அங்கே படகு ஏறலாம். மழைக்காலத்தில் படகு கிடையாது, ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை திட்டம் போடாதீர்கள். படகுக்காரர்கள் கோட்டைக்குள் முக்கால் மணி நேரம்தான் தருவார்கள். ஏறும் முன்பே பேசி இன்னும் கொஞ்சம் நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் இல்லாத வார நாளாக இருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கிளம்பும் முன் நாள்காட்டியில் திதியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறுவதும் அதிகம், வற்றுவதும் அதிகம். இந்தக் கரையில் அந்த வித்தியாசம் மூன்று மீட்டரைத் தாண்டும். நம் கிழக்குக் கரையில் கடல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். ராஜபுரி துறையில் கொஞ்சம் சீக்கிரமே போய் நின்று கோட்டைச் சுவரின் அடியைக் கவனியுங்கள். கடல் ஏறியிருந்தால் சுமார் 40 அடிச் சுவர் தண்ணீரிலிருந்தே எழுந்து நிற்பதுபோல் தெரியும். வற்றும்போது அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டிய பாறை தெரியும், ஆனால் ஒரு படை நிற்க அங்கே இடம் இருக்காது. ஏணி வைக்க வருகிறவன் ஆடுகிற படகிலிருந்துதான் வைக்க வேண்டும். அதுவும் சில மணி நேரத்தில் தண்ணீர் மட்டம் மாறிவிடும் என்று தெரிந்தே வைக்க வேண்டும்.

அப்படி ஏணி வைத்தவர் ஒருவரைப் பற்றி இந்தக் கொங்கணக் கரையில் இன்றும் சொல்கிறார்கள். 1676-இல் சிவாஜியின் பேஷ்வா, அதாவது தலைமை அமைச்சர், மோரோபந்த் பிங்களே முற்றுகையிட்டபோது, லாய் பாட்டீல் என்ற கோலி மீனவர் இரவில் சுவரில் ஏணிகளைச் சாத்திவிட்டுக் காத்திருந்தாராம். பின்னால் வரவேண்டிய படை விடியும்வரை வந்து சேரவில்லை, ஏணிகளை எடுத்துக்கொண்டு திரும்பினார். சிவாஜி அவருக்குப் பல்லக்கு கொடுத்துக் கௌரவிக்க நினைத்தபோது, கடலில் பிழைக்கிறவனுக்குப் பல்லக்கு எதற்கு என்றாராம். அதனால் 'பால்கி' (பல்லக்கு) என்று பெயர் வைத்து ஒரு கப்பலே கொடுத்ததாகக் கதை. படகு சுவரை நெருங்கும்போது நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டால் அந்த மனிதரின் துணிச்சல் புரியும்.

வாசல் எங்கே என்று படகிலிருந்தே தேடுங்கள். ராஜபுரியைப் பார்த்துதான் இருக்கிறது, ஆனாலும் மிகவும் நெருங்கும்வரை கண்ணில் படாது. இரண்டு கொத்தளங்களுக்கு நடுவே அவ்வளவு ஒடுக்கமாக வைத்திருக்கிறார்கள். படகு படியோரம் ஆடும், குதிக்க அவசரப்படாதீர்கள். அலை தூக்கும்போது கால் எடுத்து வைத்தால் சுலபம். உள்ளே நுழையும்போது சுவரில் ஒரு சிற்பம் இருக்கும்: யானைகளைக் கால்களில் அமுக்கிப் பிடித்திருக்கும் புலி போன்ற ஒரு மிருகம். நம் கோயில் யாளியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சட்டென்று பிடிபடும். யானைகளை அமுக்கும் அந்த உருவத்தை வாசலிலேயே வைத்தவர்கள் யார் என்று இங்கேயே கூட வந்தவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், பிறகு நேரம் இருக்காது.

அவர்கள் சித்திகள். எத்தியோப்பியாவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் மாலுமிகளாகவும் தக்காணத்துக்கு வந்தவர்கள். முதலில் இந்தப் பாறையில் கோலி மீனவர்கள் கடற்கொள்ளையருக்குப் பயந்து மரத்தால் ஒரு காவல் அரண் போட்டிருந்தார்கள். அவர்களின் தலைவர் ராம் பாட்டீல் அகமத்நகர் சுல்தானின் ஆட்சிக்குப் பணியவில்லை. அகமத்நகர் அனுப்பி, வணிகனைப் போல வந்த பீரம் கான் மதுப் பீப்பாய்களோடு ஆட்களையும் இறக்கித் தந்திரமாக அதைப் பிடித்தார் என்பது மரபுக் கதை. அப்புறம்தான் கல் கோட்டை. அகமத்நகர் வீழ்ந்தபின் சித்திகள் பீஜப்பூர் சுல்தானின் கீழ் இருந்தார்கள். அவர்களின் தலைவரான ஃபத்தே கான் கோட்டையைச் சிவாஜிக்கு விட்டுக்கொடுக்க நினைத்தபோது, மற்ற சித்தித் தளபதிகள் அவரைச் சிறைப்படுத்திவிட்டு முகலாயர் பக்கம் போனார்கள். அவர்களில் ஒருவரான சித்தி காசிமுக்கு ஔரங்கசீப் கொடுத்த பட்டம்தான் யாகூத் கான். 1689-இல் அவர் படை மும்பையின் சிவ்ரியில் இறங்கி, மாஹிமையும் மசகாவையும் பிடித்து, கிழக்கிந்தியக் கம்பெனியாரை அவர்களுடைய மும்பைக் கோட்டைக்குள்ளேயே அடைத்துப்போட்டது. அடுத்த வருஷம் கம்பெனி ஔரங்கசீப்பிடம் மன்னிப்புக் கேட்டு, அபராதமும் கட்டித்தான் தப்பியது. கப்பலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இந்தக் கரையையே ஆண்டிருக்கிறார்கள். 1948-இல் ஜஞ்சிரா சமஸ்தானம் இந்தியாவோடு சேரும்வரை அந்த ஆட்சி நீடித்தது. நம் பாடப்புத்தகங்களில் இதற்கு இன்னும் நிறைய இடம் கொடுக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

சரி, இப்போது நேராகக் குளத்துக்குப் போங்கள். கல்லால் கரை கட்டிய இரண்டு பெரிய நன்னீர்க் குளங்கள் உள்ளே இருக்கின்றன. நடுக்கடலில் நல்ல தண்ணீர் ஊறுவது அதிசயம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அதிசயத்தைவிட அதைச் செய்த அறிவுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கொங்கணக் கரையில் நான்கு மாதத்தில் 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரியைப் போல மூன்று மடங்கு. கோட்டையின் பரப்பு சுமார் 22 ஏக்கர். கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 27 கோடி லிட்டர் வானத்திலிருந்து விழுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்தால்கூட 2 கோடியே 70 லட்சம் லிட்டர். ஆயிரம் பேர் ஆளுக்கு 20 லிட்டர் வீதம் வருஷம் முழுக்கச் செலவழித்தாலும் 73 லட்சம் லிட்டர்தான் ஆகும். முற்றுகை போட்டவர்கள் கரையில் எத்தனை மாதம் காத்திருந்தாலும் உள்ளே இருப்பவர்களுக்குத் தாகம் எடுக்காது. ஒவ்வொரு மழைக்காலமும் வெளியே இருக்கும் படகுகளைக் கரைக்கு விரட்டிவிட்டு, உள்ளே குளத்தை நிரப்பிக் கொடுத்தது.

குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, தண்ணீர் எந்தச் சரிவிலிருந்து வந்து சேரும் என்று கண்டுபிடியுங்கள். பிள்ளைகளை அழைத்துப்போனால் இதையே விளையாட்டாக வைக்கலாம். இப்போது தண்ணீர் பச்சையாகத்தான் கிடக்கிறது, வாய் வைக்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் கையில் கொண்டுபோங்கள். காலி பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள், அந்தக் குளத்தில் பிளாஸ்டிக் மிதப்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

குளத்துக்குப் பக்கத்தில் சிதைந்து நிற்கும் மாடி வீடு, ஜஞ்சிராவை ஆண்ட சித்திகளில் ஒருவரான சுருல் கானுடையது என்கிறார்கள். கூரை போய்விட்டது, சுவர்களும் வளைவுகளும் மிச்சம். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் செடி மண்டிய அடித்தளங்கள் எல்லாம் குடியிருந்த வீடுகள். ஏறிக் குதிக்காமல் ஓரமாக நடங்கள், கல் பெயர்ந்து கிடக்கிறது.

இனி பீரங்கிகள். கலால்பாங்டி, சாவ்ரி, லாண்டா காசம் என்று மூன்றுக்குப் பெயரே உண்டு. கலால்பாங்டியின் குண்டு 12 கிலோமீட்டர் போகும் என்று சொல்வார்கள். அந்தக் காலத்துப் பீரங்கிகள் குறி தவறாமல் சுட்டது ஓரிரு கிலோமீட்டருக்குள்தான். அது இந்தக் கோட்டைக்குப் போதும், ராஜபுரிக் கரை கண்ணெதிரே இருக்கிறது. பீரங்கி எந்தத் திசையைப் பார்க்கிறது, அங்கிருந்து எந்தத் தண்ணீர்வழி தெரிகிறது என்று குனிந்து பாருங்கள். கரையிலிருந்து கோட்டைவரை கடலைக் கல்லால் தூர்த்துப் பாதை போட 1682-இல் சிவாஜியின் மகன் சம்பாஜி முயன்றதும் இந்தப் பக்கத்துக் கடலில்தான். முகலாயப் படை மராத்தியத் தலைநகரான ராய்கட் பக்கம் நெருங்கியதால் அவர் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. நேரம் மிச்சமிருந்தால் மறுபக்கம் கடலை நோக்கித் திறக்கும் சிறிய வாசலையும் பாருங்கள், அதன் பெயர் தரியா தர்வாஜா. முன்வாசலை எதிரி அடைத்தாலும் தப்பிப் போகவோ பொருள் கொண்டுவரவோ ஒரு வழி அது.

கரைக்குத் திரும்பியதும் நேராக ஹோட்டலுக்குப் போய்விடாதீர்கள். ராஜபுரிக்குப் பக்கத்தில் கோக்ரி என்ற இடத்தில் மூன்று கல்லறை மாளிகைகள் இருக்கின்றன. பெரியது, சற்று முன் நீங்கள் பார்த்த வீட்டுக்காரர் சுருல் கானுடையது. உயிரோடு இருந்தபோதே கட்டிக்கொண்டது என்பார்கள். மற்ற இரண்டும் சித்தி காசிமுடையதும் இன்னொரு சித்தித் தளபதியான கைரியத் கானுடையதும். சித்தி காசிம் என்றால் மும்பையை முற்றுகையிட்ட அதே யாகூத் கான். கூட்டமே இருக்காது, பதறாமல் பார்க்கலாம்.

இரவு முருடில் தங்க முடிந்தால் தங்குங்கள். ஜஞ்சிராவை அடக்கச் சிவாஜி கட்டிய பத்மதுர்க் கோட்டை முருட் கடற்கரைக்கு எதிரே இருக்கிறது. அங்கே கல்லை உப்புக்காற்று அரித்துத் தின்றிருக்க, கல்லுக்கு நடுவே பூசிய சுண்ணாம்புச் சாந்து மட்டும் வரப்புபோல் துருத்தி நிற்கும். அதற்குப் படகு குறைவு, மீனவர்களிடம் முந்தின நாளே கேட்டு வைக்க வேண்டும். படகு கிடைக்காவிட்டால் காலையில் கடற்கரைக்கு வாருங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழுவதால் கோட்டை தெளிவாகத் தெரியும். சாயங்காலம் சூரியன் எதிரே இருக்கும், வெறும் நிழலுருவம்தான் கிடைக்கும். ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப்போங்கள்.