தோட்டத்து முதியவர்களின் இலங்கைக் கதையைப் பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டியவை

இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பிரித்துக்கொடுத்தது, 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். அதன்படி இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். விவரம் தெரிந்த வயதில் வந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது தாண்டிவிட்டது. பேரப்பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு அவர்களிடம் கதை கேட்க உட்காருவது பெரிய விஷயம். ஆனால் சில தவறுகளால் நல்ல பேச்சு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

எடுத்த எடுப்பிலேயே "எந்த வருஷம் வந்தீங்க பாட்டி?" என்று கேட்காதீர்கள். பரீட்சை போலத் தோன்றும். "எனக்கு என்னய்யா தெரியும்" என்று ஒதுங்கிவிடுவார். எங்கே இறங்கினார்கள் என்று கேளுங்கள். தனுஷ்கோடி என்றால் அது 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய பயணம், அதாவது ஒப்பந்தப்படி ஆட்கள் வரத் தொடங்குவதற்கு முன்பே வந்தது. இராமேஸ்வரம் என்றால் அதற்குப் பிந்தையது. அப்போது இடுப்பில் எந்தப் பிள்ளை இருந்தது, வந்தவர்களை முதலில் தங்க வைத்த மண்டபம் முகாமில் என்ன சாப்பிட்டார்கள் என்று போனால் காலம் தானாகப் பிடிபடும். குடும்ப அட்டையில் (ரேஷன் அட்டை இல்லை, தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த அட்டை) வேறு தேதி இருந்தால் உடனே திருத்த வேண்டாம். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கஷ்டத்தை மட்டுமே தோண்டுவதும் தவறு. அங்கே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அடுத்த வீட்டில் யார் இருந்தார்கள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் என்ன நடக்கும், மன்மதன் கதை ஆடும் காமன் கூத்தில் யார் ரதி வேஷம் கட்டினார்கள்? இதையெல்லாம் கேட்டால் முகமே மாறும். அழ வைக்க வேண்டும் என்று கேள்வி போடாதீர்கள். அந்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் ஏராளம். "யாரை விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டால் அவர் வெகுநேரம் பேசாமல் இருக்கலாம். அப்போது அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள், ரெக்கார்டரையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்: பாட்டியிடம் கேட்டால் தாத்தாவோ மகனோ பதில் சொல்கிறார். கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் பதிவுகளில் கங்காணியும் (வேலையாட்களை மேய்த்தவர்) துரையும் (தோட்ட நிர்வாகி) யூனியனும்தான் நிறைந்திருக்கிறார்கள். பிரசவம், பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்), கூடையின் பாரம் எல்லாம் பாட்டி தனியாக இருக்கும்போதுதான் வெளியே வரும். மகன் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துப் போங்கள்.

அவர் பேச்சை உங்கள் தமிழுக்கு மாற்றி எழுதாதீர்கள். புரியாத சொல் வந்தால் அங்கேயே விளக்கம் கேட்டு, அதையும் பதிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

டிவி, மிக்சி சத்தம் பதிவைக் கெடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தகரக் கூரை வீட்டில் மழை வந்தால் எதுவுமே கேட்காது, இன்னொரு நாள் போங்கள்.

அப்புறம், அனுமதி. பேசச் சம்மதித்தவர் வாட்ஸ்அப்பில் போடவும் சம்மதித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. கங்காணியைத் திட்டியிருப்பார், அந்தக் கங்காணியின் பேரன் பக்கத்து லைன் வீட்டிலேயே இருக்கலாம். குடும்ப அட்டையின் படத்தையும் பொதுவில் போடாதீர்கள். பெயர், வயது, உரிமை எல்லாம் அதைச் சார்ந்தே இருக்கின்றன. முழுப் பதிவையும் அவருக்குப் போட்டுக் காட்டி, எதை வெளியிடலாம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பதிலையும் பதிவு செய்துவிடுங்கள்.