கோப்பைக்கு மோதும் என்பிஏ அணியைக் கட்டுவது எப்படி

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஒரு அணியை உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். போன சீசனில் 82 ஆட்டங்களில் 24 தான் ஜெயித்திருக்கிறது, அரங்கில் பாதி நாற்காலி காலி, முதலாளி மூன்று வருஷத்தில் கோப்பை வேண்டும் என்கிறார். (ஐந்து வருஷம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அந்த வேலையே வேண்டாம், நிஜமாகத்தான் சொல்கிறேன்.) எங்கே தொடங்குவது?

முதலில், யார் யாரை வாங்கலாம் என்று பட்டியல் போடுவதை நிறுத்துங்கள். நல்ல ஆட்டக்காரர் யார் என்பது 30 அணிக்கும் தெரியும், டிவி பார்க்கிற நமக்கும் தெரியும். அவசரத்தில் எல்லோரும் கோட்டைவிடுவது வேறு இடத்தில்: அந்த ஆள் எந்த வருஷம் எவ்வளவு சம்பளம் வாங்குவார், அதே வருஷம் நம்மிடம் இருக்கும் மற்றவர்கள் எவ்வளவு வாங்குவார்கள். ஒரு கணக்கு பாருங்கள். 2024-25 சீசனில் ஃபீனிக்ஸ் சன்ஸில் கெவின் டுரான்ட், பிராட்லி பீல், டெவின் புக்கர் மூவரின் சம்பளம் மட்டும் ஏறக்குறைய 15 கோடி டாலர். அதே சீசனில் ஓக்லஹோமா சிட்டி தண்டரின் முதல் மூன்று ஆட்களான ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், ஜேலன் வில்லியம்ஸ், செட் ஹோம்க்ரென் மூவருக்கும் சேர்த்து 5 கோடி சொச்சம். சன்ஸ் 36 ஜெயித்து 46 தோற்று, கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான பிளேஆஃபுக்கே போகவில்லை. தண்டர் 68 ஜெயித்துக் கோப்பையையும் தூக்கியது. அந்தப் பத்துக் கோடி வித்தியாசத்தில்தான் மிச்ச அணி முழுக்க உட்கார்ந்திருந்தது.

சரி, விதிகளைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், இது தெரியாமல் மேலே போக முடியாது. ஐபிஎல் ஏலத்தில் கையிருப்புப் பணம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். என்பிஏவின் சாலரி கேப், அதாவது ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பு, அவ்வளவு கறார் கிடையாது. 2024-25இல் அது சுமார் 14.06 கோடி டாலர், ஆனால் பல அணிகள் அதைத் தாண்டித்தான் செலவழித்தன. காரணம், மூன்று வருஷம் உங்களிடம் ஆடிய சொந்த ஆட்டக்காரரை கேப்பைத் தாண்டியும் தக்கவைத்துக்கொள்ளலாம். பாஸ்டனின் லேரி பேர்டு பெயரால் இதற்கு பேர்டு உரிமை என்று பெயர். ஆனால் மேலே மேலே கோடுகள் இருக்கின்றன: சுமார் 17.08 கோடியைத் தாண்டினால் ஆடம்பர வரி, 17.81 கோடியில் முதல் ஏப்ரன், 18.89 கோடியில் இரண்டாம் ஏப்ரன் (ஏப்ரன் என்பது வரிக்கோட்டுக்கும் மேலே இருக்கும் கட்டுப்பாட்டுக் கோடு). இந்தக் கோடுகள் வருஷாவருஷம் ஏறும். வரி பணத்தோடு போகிற விஷயம், முதலாளி பெரிய மனசுக்காரராக இருந்தால் கட்டிவிடுவார். இரண்டாம் ஏப்ரன் அப்படியில்லை, கையைக் கட்டிப்போடும். இரண்டு ஆட்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை ட்ரேடில் (அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்வது) வாங்க முடியாது, பணம் சேர்த்து அனுப்ப முடியாது, ஏழு வருஷம் தள்ளி இருக்கும் முதல் சுற்று பிக்கை (டிராஃப்ட் என்ற வருடாந்திரத் தேர்வில் புது ஆளை எடுக்கும் முறை பிக்) விற்கவும் முடியாது.

இன்னொன்று, தனி ஆளின் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. புதிதாக வந்தவர்களுக்கு கேப்பில் 25 சதவீதம், ஏழு வருஷம் ஆடியவருக்கு 30, பத்து வருஷம் ஆனால் 35. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். டென்வரின் நிக்கோலா யோகிச் மாதிரி ஒருவருக்குத் திறந்த சந்தையில் கேப்பில் பாதியைக் கூடக் கொடுக்கலாம், ஆனால் விதி அனுமதிக்காது. ஆக உலகின் முதல் ஐந்து பேர் எப்போதுமே மலிவு. உச்ச சம்பளம் வாங்கும் இருபத்தைந்தாவது ஆள் எப்போதுமே விலை அதிகம். அணிகள் மூழ்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான்.

அப்போது அந்த முதல் ஐந்தில் ஒருவரை எப்படிப் பிடிப்பது? எல்லோரும் சொல்லும் வழி, வேண்டுமென்றே தோற்று டிராஃப்டில் முதல் இடத்தைப் பிடிப்பது. பார்க்கச் சுலபமாக இருக்கும். ஆனால் 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்குமே குலுக்கலில் முதல் பிக் கிடைக்க 14 சதவீத வாய்ப்புதான், அதற்கு முன் கடைசி அணிக்கு 25 இருந்தது. கடைசி அணி ஐந்தாம் இடம் வரை சறுக்கலாம். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023இல் கடைசி அணி, கிடைத்தது ஐந்தாம் பிக். அந்த வருஷ முதல் பிக்கில் எல்லோரும் காத்திருந்த விக்டர் வெம்பன்யாமா சான் அன்டோனியோவுக்குப் போனார். அடுத்த சீசனில் டெட்ராய்ட் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்று மறுபடி கடைசியில் நின்றது, மறுபடி ஐந்தாம் பிக். 2025இல் கடைசியில் நின்ற யூட்டாவுக்கும் அதே ஐந்துதான். அந்த வருஷம் முதல் பிக் வெறும் 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லாஸுக்கு விழுந்தது. இதை நம்பி நான்கு வருஷம் தோற்பது லாட்டரிச் சீட்டை நம்பி வீட்டுக்கடன் வாங்குவது போலத்தான்.

தோற்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்டரும் 2020-21இல் 22, அடுத்த வருஷம் 24 ஆட்டங்கள்தான் ஜெயித்தது. ஹோம்க்ரென் 2022இல் இரண்டாம் பிக்காக வந்தது அந்தத் தோல்வியின் பலன்தான். ஆனால் அவர்களின் முதல் ஆளான கில்ஜியஸ்-அலெக்சாண்டர் வந்த கதை வேறு, அதைத்தான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2019 கோடை. கவாய் லெனார்ட் டொராண்டோவில் கோப்பையை ஜெயித்துவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்குப் போகப் பார்க்கிறார், கூடவே பால் ஜார்ஜும் வர வேண்டும் என்கிறார். பால் ஜார்ஜ் இருப்பது ஓக்லஹோமாவில். கிளிப்பர்ஸைப் பொறுத்தவரை அது ஒரு ஆளை வாங்குவது கிடையாது, இரண்டு ஆளை வாங்குவது. அதனால் எந்த விலைக்கும் தயார். தண்டரின் ஜெனரல் மேனேஜர் சாம் ப்ரெஸ்டி இதைப் புரிந்துகொண்டு கேட்டதைப் பாருங்கள்: ஒரே ஒரு சீசன் ஆடியிருந்த கில்ஜியஸ்-அலெக்சாண்டர், அனுபவசாலி டனிலோ கலினாரி, ஐந்து முதல் சுற்று பிக்குகள், அதற்கு மேல் இரண்டு வருஷங்களில் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை. கிளிப்பர்ஸ் கொடுத்தது. அந்தப் பிக்குகளில் ஒன்று 2022இல் முதிர்ந்தது. லெனார்ட் அந்த சீசன் முழுக்கக் காயத்தில் உட்கார்ந்துவிட, கிளிப்பர்ஸ் பிளேஆஃபைத் தவறவிட, அந்தப் பிக் 12ஆம் இடமாக வந்தது. அதில் எடுத்த ஆள்தான் ஜேலன் வில்லியம்ஸ். ஆக, கோப்பை ஜெயித்த அணியின் முதல் ஆள், இரண்டாம் ஆள் இருவரும் ஒரே ட்ரேடின் பிள்ளைகள்.

பாஸ்டன் 2013இல் செய்ததும் இதுவேதான். வயதான கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் அவசரத்தில் இருந்த ப்ரூக்ளினிடம் கொடுத்து வாங்கிய பிக்குகளின் வழியாகத்தான் ஜேலன் ப்ரவுனும் ஜேசன் டேட்டமும் வந்தார்கள். கோப்பை வந்தது 2024இல். பதினொரு வருஷம்! எனவே நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் அணியில் இப்போது நன்றாக ஆடிக்கொண்டிருக்கும், ஆனால் அணி தேறும்போது வயதாகிப்போயிருக்கும் ஆளைக் கண்டுபிடித்து, அடுத்தவர் வீட்டில் யாருக்கு நெருப்புப் பிடித்திருக்கிறது என்று பார்த்து விற்பது. கேட்கும்போது அவர்களின் இந்த வருஷ பிக்கைக் கேட்காதீர்கள், உங்கள் ஆளைச் சேர்த்ததால் அது 25ஆம் இடத்தில்தான் வரும். ஐந்து, ஆறு, ஏழு வருஷம் தள்ளிக் கேளுங்கள், அப்போது அந்த அணி என்ன கதியில் இருக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. அடுத்தடுத்த இரண்டு வருஷங்களின் முதல் சுற்று பிக்கையும் ஒரு அணி விற்றுவிட முடியாது (ஸ்டெபியன் விதி, எண்பதுகளில் க்ளீவ்லேண்ட் அணியின் முதலாளி டெட் ஸ்டெபியன் அடித்த கூத்தால் வந்தது), அதனால் இடைப்பட்ட வருஷங்களுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையை வாங்குங்கள். அவர்கள் பிக் நம்முடையதைவிட நல்லதாக இருந்தால் மாற்றிக்கொள்வோம், இல்லாவிட்டால் சும்மா இருப்போம். நஷ்டமே இல்லை.

அணி மோசமாக இருக்கும் வருஷங்களில் கேப்பில் காலி இடம் நிறைய இருக்கும். ரசிகர்களைத் திருப்திப்படுத்த அதில் யாரோ ஒரு 32 வயது ஆளை வாங்கித் தொலைக்காதீர்கள். காலி இடத்தை வாடகைக்கு விடுங்கள். ஃபிலடெல்ஃபியாவுக்கு அல் ஹோர்ஃபோர்டின் சம்பளம் பாரமானபோது 2020இல் தண்டர் அவரை ஏற்றுக்கொண்டது, கூலியாக ஒரு முதல் சுற்று பிக். அடுத்த வருஷம் ஹோர்ஃபோர்டை பாஸ்டனுக்குக் கொடுத்து கெம்பா வாக்கரின் பெரிய சம்பளத்தை வாங்கிக்கொண்டது, கூலியாக அந்த வருஷத்தின் 16ஆம் பிக். அந்தப் 16ஐ டிராஃப்ட் அன்றே ஹூஸ்டனுக்குக் கொடுத்து எதிர்கால முதல் சுற்று பிக் இரண்டு வாங்கியது. ஹூஸ்டன் அதில் எடுத்தது அல்பெரென் ஷெங்கூனை, அவர் பிற்பாடு ஆல்-ஸ்டார் ஆனார், ஆகவே ப்ரெஸ்டியும் சறுக்கியிருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் கூட்டத்தை நிரப்பும் ஆட்கள். 15 இடம் இருக்கிறது, பிளேஆஃபில் எட்டு ஒன்பது பேர்தான் ஆடுவார்கள். மோசமான வருஷங்களின் உண்மையான லாபம் இங்கேதான்: யாருக்கும் வேண்டாத ஆட்களுக்கு நிறைய நிமிஷங்கள் கொடுத்துப் பார்க்கலாம், தோற்றாலும் யாரும் கேட்கப்போவதில்லை. லூ டோர்ட் டிராஃப்டில் யாரும் எடுக்காதவர். ஏரன் விக்கின்ஸ் 55ஆம் பிக். ஐசாயா ஜோ வேறொரு அணி கழற்றிவிட்டவர். மூவருமே கோப்பை அணியில் இருந்தார்கள், டோர்ட் அந்த சீசனில் லீக்கின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்கள் ஐவரின் பட்டியலிலும் இடம்பிடித்தார். தேடும்போது உங்கள் நட்சத்திரத்துக்கு எது குறையோ அதை வைத்திருக்கிறாரா என்று பாருங்கள், பந்தைக் கையில் வைத்திருந்தால்தான் பிரயோஜனம் என்கிற ஆள் இரண்டாவதாக வேண்டாம்.

இனி, எப்போது வாங்க ஆரம்பிப்பது? இதில்தான் பலர் ஒரு வருஷம் முந்திக்கொள்கிறார்கள். தண்டர் 2023-24இல் 57 ஜெயித்து மேற்குப் பிரிவில் முதலிடத்தில் நின்றும் நடு சீசனில் பெரிய ட்ரேட் எதுவும் செய்யவில்லை. பிளேஆஃபின் இரண்டாம் சுற்றில் டல்லாஸிடம் ஆறு ஆட்டத்தில் தோற்றது (ஒரு சுற்று என்பது ஏழு ஆட்டத் தொடர், நான்கு ஜெயித்தால் முடிந்தது). ஆனால் அந்த ஆறு ஆட்டங்கள் எங்கே வலிக்கிறது என்று துல்லியமாகக் காட்டின: ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) போதவில்லை, தண்டரின் ஜாஷ் கிட்டியை எதிரணி தூரத்திலிருந்து எறியட்டும் என்று தனியாக விட்டுவிட்டுக் கூடைக்கு அருகிலுள்ள பெயின்ட் பகுதியை அடைத்தது. கோடையில் கிட்டியைக் கொடுத்து சிகாகோவிலிருந்து அலெக்ஸ் கருசோவை வாங்கினார்கள். மிச்சமிருந்த கேப் இடத்தில் ஐசாயா ஹார்ட்டன்ஸ்டைனை மூன்று வருஷத்துக்கு 8.7 கோடிக்கு எடுத்தார்கள். வலி தெரிந்தபிறகு மருந்து. அடுத்த வருஷம் டென்வருடனான ஏழாவது ஆட்டத்தில், ஆறடி ஐந்தங்குலக் கருசோ, ஆறடி பதினொரு அங்குல யோகிச்சின் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

டென்வரும் இதே வரிசையில்தான் வந்தது. 41ஆம் பிக்காக வந்த யோகிச் என்ன ஆட்டக்காரர் என்று தெரிந்தபிறகு, அவருக்குப் பக்கத்தில் தற்காப்பு ஆட, அவர் பாஸை வாங்கி டங்க் அடிக்க, 2021இல் ஏரன் கோர்டன். 2023இல் கோப்பை.

அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கி வையுங்கள். 2025 இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டத்தை நம்மூர் நேரம் காலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தவர்களுக்கு, முதல் கால்பகுதியிலேயே இந்தியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் தரையைக் கையால் அடித்துக்கொண்டு கிடந்தது மறக்காது. குதிகால் தசைநாண் கிழிந்துவிட்டது. அவர் நின்றிருந்தால் 103-91 என்று முடிந்திருக்குமா? தெரியாது. ஜெனரல் மேனேஜரின் வேலை அந்த ஏழாவது ஆட்டம் வரை அணியைக் கொண்டுவந்து நிறுத்துவது, அதுவும் ஒரு தடவை இல்லை, நான்கைந்து தடவை.

அதற்குத்தான் ஒப்பந்தத் தேதிகளைக் கோத்து வைக்க வேண்டும். டிராஃப்டில் வந்தவர் நான்கு வருஷம் மலிவு, ஐந்தாவது வருஷம் உச்ச சம்பளம் கேட்பார். பாஸ்டன் 2024இல் ஜெயித்தது, 2025இல் இரண்டாம் ஏப்ரன் கழுத்தைப் பிடித்ததால் ஜூரு ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் அனுப்பியது. சன்ஸும் அதே கோடையில் டுரான்ட்டை ஹூஸ்டனுக்குக் கொடுத்து, பீலுக்குப் பணம் கொடுத்து விடுவித்தது. தண்டருக்கும் அந்த பில் வருகிறது. ஹோம்க்ரென், வில்லியம்ஸ் இருவரின் பெரிய சம்பளமும் 2026-27இல் தொடங்கும், கில்ஜியஸ்-அலெக்சாண்டரின் 28.5 கோடி நீட்டிப்பு அதற்கடுத்த சீசனில். இப்போது ஹார்ட்டன்ஸ்டைனின் ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். மூன்று வருஷம், மூன்றாவது வருஷம் வைத்துக்கொள்வதா விடுவதா என்பது அணியின் இஷ்டம். அந்த மூன்றாவது வருஷம் 2026-27.