நான்கு காற்றும் ஒரு கௌதாரியும்: மின்னூல் வாசிப்பானில் எழுத்துரு மாற்றும் முறை

கீழக்கரையில் எங்கள் வீட்டுத் திண்ணையில், அஸர் தொழுகைக்குப் பின் கடற்காற்று ஏறும் நேரத்தில்தான் வாப்பா மின்னூல் வாசிப்பானைக் கையில் எடுப்பார். கருவி வந்த முதல் வாரத்தில் இரண்டு பக்கம் புரட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எழுத்தெல்லாம் நெத்திலிக் கருவாடு மாதிரி மெலிஞ்சு கிடக்கே" என்றார். நான் எழுத்தளவைக் கூட்டிக் கொடுத்தேன். எழுத்து பெரிதானதே தவிரக் கோடு போதிய அளவு தடிக்கவில்லை. ஒரு பக்கத்தில் அடங்கியிருந்த செய்தி மூன்று பக்கங்களுக்கு நீண்டது. அதன் பிறகுதான் எழுத்துருவையே மாற்றுவது என்று முடிவு செய்தேன். கோப்பை நகலெடுக்கும் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எந்தக் கோப்பை நகலெடுப்பது என்று தீர்மானிக்கத்தான் இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. ஆகவே கிண்டில், கோபோ ஆகிய இரு கருவிகளுக்கும் உரிய செய்முறையைச் சொல்வதற்கு முன், அந்தத் தீர்மானத்துக்குத் தேவையானவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கையில் இருக்கும் நூல் எவ்வகைக் கோப்பு என்று பார்க்க வேண்டும். பிடிஎஃப் கோப்பில் எழுத்துகள் பக்கத்தோடு பக்கமாகப் பதிந்துவிட்டவை என்பதால், கருவியில் எத்தனை எழுத்துருக்களைச் சேர்த்தாலும் அந்நூலின் தோற்றம் மாறாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் வருடப்பட்ட பழைய நூல்களோ வெறும் படங்கள். அவற்றில் மாற்றுவதற்கு எழுத்துரு என்று ஒன்றே கிடையாது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூல், எழுத்தளவுக்கு ஏற்பப் பக்கம் மாறும் ஈபப் வடிவிலும் ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் வடிவிலும் கிடைப்பதுண்டு. எழுத்துருவை மாற்ற விரும்புகிறவர் ஈபப்பைத்தான் எடுக்க வேண்டும். ஈபப் கோப்பை யூஎஸ்பி கம்பி வழியாக நேரே கிண்டிலில் போட்டால் அது திறக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சென்ட் டு கிண்டில் சேவை வழியாக அதை அனுப்பலாம். அல்லது காலிபர் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு ஏஇசட்டபிள்யூ3 வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கோபோவுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, திரையில் தெரியும் குறை எழுத்துரு மாற்றத்தால் தீரக்கூடியதுதானா என்று பார்க்க வேண்டும். தமிழ் எழுத்து தெரிய வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டங்கள் தெரிந்தால், பயன்பாட்டில் உள்ள எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லை என்று பொருள். எழுத்துருவை மாற்றினால் இது சரியாகிவிடும். கட்டத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிந்தால், அந்நூல் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய குறியாக்கம் ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டது. எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்ட "தமிழ்" என்ற சொல், வேறு எழுத்துருவில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். இத்தகைய நூலை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் செயலியில் முதலில் இட்டு எடுக்க வேண்டும். மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்டு வரும் மின்னூல்களிலும் தொடக்க காலக் கோப்புகள் சில பழைய குறியாக்கத்தில் உள்ளவை என்பதால், அங்கிருந்து பதிவிறக்கும்போது ஒருங்குறிப் பதிப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது குறைதான் பலரையும் ஏமாற்றுகிறது. எழுத்துகள் எல்லாம் தமிழாகவே இருக்கும். ஆனால் "கெ" என்பதில் ககரத்துக்கு முன்னே நிற்க வேண்டிய கொம்பு, பின்னே போய் ஒரு புள்ளி வட்டத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். ஒருங்குறியில் மெய்யெழுத்து முதலிலும் உயிர்க்குறி அதற்குப் பின்னும் பதியப்படுகின்றன. கொம்பைப் பிடித்து முன்னால் நிறுத்துவதும், "கொ" போன்ற எழுத்தில் குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைப்பதும் கருவியில் இயங்கும் மென்பொருளின் வேலை. எழுத்துரு அதற்குத் துணை நிற்பது மட்டுமே. ஆகவே நல்ல எழுத்துரு ஒன்றை இட்ட பிறகும் கொம்பு இடம் மாறியே நின்றால், வேறு எழுத்துருக்களைத் தேடி அலையாமல் கருவியின் மென்பொருளைப் புதுப்பிப்பதே சரி.

எழுத்துருத் தேர்வுக்கு வருவோம். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், மீரா இனிமை ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை. விண்டோஸில் உள்ள லதா எழுத்துருவைக் கணினியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். அதன் உரிமம் அந்த இயங்குதளத்தோடு கட்டுண்டது. இத்தனை நல்ல எழுத்துருக்கள் உரிமத்தோடு கிடைக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

இவற்றில் எது உகந்தது என்பதைக் கணினித் திரையில் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. வாசிப்பானின் மின்மைத் திரை (இ-இங்க்) புறவெளிச்சத்தைப் பிரதிபலித்தே எழுத்தைக் காட்டுகிறது. நண்பகல் மணற்பரப்பிலும் அதில் கண் கூசாமல் படிக்கலாம் என்றாலும், மெல்லிய கோடுகள் கணினியில் தெரியும் கருமையோடு அதில் தெரிவதில்லை. கிண்டிலின் அடிப்படைக் கருவிகள் 2022ஆம் ஆண்டு மாதிரி வரும்வரை அங்குலத்துக்கு 167 புள்ளிகள் கொண்ட திரையோடுதான் இருந்தன. 2015ஆம் ஆண்டு முதல் வந்த பேப்பர்வைட்டிலும் புதிய கருவிகளிலும் 300 புள்ளிகள் உண்டு. 300 புள்ளித் திரையில் நோட்டோ செரிஃப் தமிழின் தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடுகள் அச்சுப் புத்தகம் போல அழகாக விழுகின்றன. 167 புள்ளித் திரையில் அதே எழுத்துருவின் மெல்லிய பகுதிகள் நரைத்துவிடுவதால், ஒரே சீரான கோடு கொண்ட முக்த மலரோ நோட்டோ சான்ஸின் மீடியம் எடையோ (எடை என்பது கோட்டின் தடிமன்) பழைய கருவிக்கு ஏற்றது என்பது என் முடிவு. லைட் என்று பெயர் கொண்ட எதையும் எந்தத் திரையிலும் இட வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு சோதனைப் பக்கம் வேண்டும். கதைப் புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்தால் கதையில் மனம் போய்விடும். நம் கடற்கரையில் வழங்கும் காற்றின் பெயர்கள் நான்கையும் எழுதிப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். துணைக்கால், ஐகாரக் குறி, ஒகர ஓகாரக் குறிகள், புள்ளி, ழகரம் எல்லாம் இந்த நான்கு சொற்களுக்குள் வந்துவிடுகின்றன. இவற்றோடு ல, ள, ழ மூன்றும் மயங்காமல் தெரிகின்றனவா என்று பார்க்க வாலை, வாளை, வாழை என்றும், கீழே இறங்கும் வடிவங்களுக்காக மூக்கையூர், தூண்டில், நுங்கு என்றும், கிரந்த எழுத்துகளுக்காக ஹாஜியார், ஸஹர், ஷரீஃப், ஸ்ரீ என்றும் சேர்த்துக்கொண்டேன். கீழக்கரை வீட்டில் படிக்கப்படும் நூல்களில் ஹகரமும் ஸகரமும் பக்கத்துக்குப் பத்து வரும். சில எழுத்துருக்களில் இவை மட்டும் விருந்தாளி போல வேறு தடிமனில் நிற்பதைப் பார்த்து அவற்றை ஒதுக்கினேன்.

கடைசியாகக் கௌதாரி. ஔகாரக் குறியின் வலப்பாதி ளகரத்தைப் போன்றே இருப்பதால், பல எழுத்துருக்களில் "கௌ" என்பதற்கும் "கெள" என்பதற்கும் வேறுபாடு தெரிவதில்லை. நான் முதலில் இட்ட எழுத்துருவில் வாப்பா இந்தச் சொல்லை "கெ-ள-தாரி" என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். குறியின் வலப்பாதியைச் சற்றுச் சிறிதாக வரைந்திருக்கும் எழுத்துருவில் இந்த மயக்கம் குறைகிறது. இந்தச் சொற்களையெல்லாம் வேர்டில் ஒருங்குறியில் தட்டச்சு செய்து, காலிபரில் சேர்த்து, நூலின் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறித்து, கருவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றி அனுப்பினால் சோதனைப் பக்கம் தயார். படிப்பவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான வெளிச்சத்தில், அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பதிவிறக்கிய எழுத்துரு ஒரு ஜிப் கோப்பாக வரும். அதை விரித்தால் சிலவற்றில் பெயரில் வேரியபிள் என்று குறித்த கோப்பு ஒன்றும், ஸ்டாட்டிக் என்ற உறைக்குள் (ஃபோல்டர்) தனித்தனி எடைகளுக்கான கோப்புகளும் இருக்கும். வாசிப்பான்களுக்கு ஸ்டாட்டிக் உறையில் உள்ள ரெகுலர், போல்டு ஆகிய கோப்புகளை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. கோப்பின் வால் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று இருக்க வேண்டும்.

கிண்டிலில் சொந்த எழுத்துருவை இடும் வசதி 2018ஆம் ஆண்டு வெளிவந்த 5.9.6 வரிசை மென்பொருளிலிருந்து உள்ளது. கருவியைக் கணினியோடு கம்பியால் இணைத்ததும் அது ஒரு சேமிப்பகமாகத் தெரியும். அதைத் திறந்தால் ஃபான்ட்ஸ் என்ற பெயரில் ஓர் உறை ஏற்கெனவே இருக்கும். தேர்ந்தெடுத்த கோப்புகளை அதற்குள் ஒட்டிவிட்டு, கணினியில் முறைப்படி இணைப்பைத் துண்டித்த பிறகே கம்பியைக் கழற்ற வேண்டும். பின்பு நூலைத் திறந்து, திரையின் மேற்பகுதியைத் தொட்டு, ஆங்கிலப் பெரிய ஏயும் சிறிய ஏயும் அடுத்தடுத்து நிற்கும் குறியைத் தொட்டால் எழுத்துருப் பட்டியல் வரும். புதிய எழுத்துருவின் பெயர் அதில் இருக்கும். அங்கேயே தடிமனைக் கூட்டும் அளவுகோலும் உண்டு. பெயர் வரவில்லை என்றால் கருவியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கிப் பார்க்கலாம்.

கோபோவில் கம்பியை இணைத்ததும் திரையில் வரும் கேள்விக்கு இணைக்க ஒப்புதல் தர வேண்டும். ஃபான்ட்ஸ் உறை இல்லாவிட்டால், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அப்பெயரிட்ட ஓர் உறையை வேறு எந்த உறைக்குள்ளும் அல்லாமல் சேமிப்பகத்தின் முதல் மட்டத்திலேயே உருவாக்க வேண்டும். கோப்பின் பெயரில் எழுத்துருவின் பெயர், இடைக்கோடு, பிறகு ரெகுலர் அல்லது போல்டு என்ற சொல் இருப்பது அவசியம். போல்டு கோப்பை இடாவிட்டால் கருவி தானே கோட்டைத் தடிக்க வைக்க முயலும். அப்போது ஞகரத்தின் உள்வளைவுகள் மை ஊறியது போல அடைத்துக்கொள்ளும்.

கணினியில் கருவி தெரியவே இல்லை என்று நான் அரைமணி நேரம் போராடியது கம்பியால். பேருந்து நிலையம் பக்கத்தில் வாங்கிய அந்தக் கம்பி மின்னேற்றம் மட்டும் செய்வது. தரவு அதில் போகாது. கம்பி நல்லதாக இருந்தும் இணைப்பு விட்டு விட்டு வந்தால், கருவியின் துளையில் உப்புக் காற்றின் பிசுபிசுப்பும் மணலும் சேர்ந்திருக்கலாம். கருவியை அணைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும், ஈரத்துணி ஆகாது.

எழுத்துரு மாறிய பின் வரி இடைவெளியையும் சரிசெய்ய வேண்டும். தமிழில் ணீ, றீ போன்றவை மேலே சுழிந்தும், மூ, ழூ போன்றவை கீழே இறங்கியும் வருவதால், ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். ஒரு படி கூட்டி வைப்பது நல்லது. இருபுறமும் ஓரம் சீராக்கும் அமைப்பையும் நீக்கிவிடலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், அகலம் குறைந்த திரையில் அந்த அமைப்பு சொற்களுக்கிடையே பெரும் வெளிகளை விட்டுவிடுகிறது.

சில நூல்களில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் தோற்றம் மாறாமல் அடம்பிடிக்கும். பதிப்பாளர் நூலுக்குள்ளேயே எழுத்துருவைப் பொதிந்து, அதையே பயன்படுத்துமாறு கட்டளையும் எழுதியிருப்பதே காரணம். பூட்டப்படாத நூலாக இருந்தால் காலிபரில் வடிவம் மாற்றும்போது, தோற்றத்துக்கான பகுதியில் எழுத்துருக் கட்டளைகளை வடிகட்டும் தேர்வை இட்டு மாற்றினால், நூல் நாம் சொன்னபடி கேட்கும்.

தேர்ந்தெடுத்த எழுத்துருக் கோப்புகளின் நகலைக் கணினியில் தனி உறையில் வைத்திருக்க வேண்டும். கருவியைத் தொடக்க நிலைக்குத் திருப்பினால் ஃபான்ட்ஸ் உறையில் நாம் இட்டவை அனைத்தும் அழிந்துவிடும். எங்கள் வீட்டு உறையில் முக்த மலரின் இரண்டு கோப்புகளும், அந்தக் காற்றுப் பெயர்கள் கொண்ட சோதனைப் பக்கமும் இருக்கின்றன.